நாலாவது டவுனில் காபி வாங்கப் போகாதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் அணியின் பெயரை எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குப் படிக்கும்போதே தெரிந்துவிடும், மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பக்கம், சுற்றிலும் சோளமும் சோயாவும் விளைகிற ஊரில் ஒரு பெரிய பல்கலைக்கழகம். எம்.எஸ். படிக்க வந்தேன், படித்த ஊரிலேயே வேலை கிடைத்தது, கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன் எல்லாம் இங்கேயே ஆனது. கூடவே இந்த ஃபுட்பால் பைத்தியமும் ஒட்டிக்கொண்டது. ஃபுட்பால் என்றால் நம்ம ஊர் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்வார்களே, அது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை சனிக்கிழமைகளில் என்னிடம் யாரும் வேலை சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம்.

இத்தனை வருஷத்தில் எங்கள் அணியில் நல்ல குவார்ட்டர்பேக் வந்து போயிருக்கிறார், நல்ல டிஃபென்ஸ் இருந்திருக்கிறது, தலைமை கோச் மாறியிருக்கிறார், ஜெர்சி டிசைன்கூட மாறிவிட்டது. மாறாத ஒன்று ஸ்பெஷல் டீம்ஸ். அது அன்றும் கேவலம், இன்றும் கேவலம்.

டிவியில் ஓரக்கண்ணால் மட்டும் இந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்காக இரண்டு வரி. பந்தை வைத்துக்கொண்டு முன்னேறுவது ஆஃபென்ஸ், தடுப்பது டிஃபென்ஸ். 10 யார்டு கடக்க 4 வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். மூன்றில் ஒன்றும் தேறவில்லை என்றால் நாலாவதில் பந்தை ஓங்கி உதைத்து எதிராளியைத் தூரத்தில் தள்ளிவிடுவார்கள், அது பன்ட். கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளி, ஃபீல்டு கோல். பந்தோடு எதிராளியின் கடைசிப் பகுதியான எண்ட் ஸோனுக்குள் போனால் டச்டவுன், 6 புள்ளி. அதற்குப் பிறகு சின்னதாக ஓர் உதை, 1 புள்ளி, எக்ஸ்ட்ரா பாயின்ட். ஆட்டத்தைத் தொடங்கும்போதும் புள்ளி எடுத்த பிறகும் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுப்பது கிக்காஃப். இந்த உதைகளுக்கென்று உள்ளே வந்து வெளியே போகிற ஆட்கள்தான் ஸ்பெஷல் டீம்ஸ். கிரிக்கெட்டில் ஃபீல்டிங் மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். நூறு அடித்தவரையும் அஞ்சு விக்கெட் எடுத்தவரையும் பற்றிப் பேசுவோம், 14 ரன்னில் அவருக்கு விட்ட கேட்சைப் பற்றித் தோற்ற அன்றைக்கு மட்டும்தான் பேசுவோம்.

நானும் ரொம்ப வருஷம் எல்லோரையும் போலத்தான் இருந்தேன். நாலாவது டவுன் வந்து பன்டர் உள்ளே நடந்து வருகிறார் என்றால் ஸ்டேடியத்தில் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். பாத்ரூம், ஹாட் டாக், காபி. டிவிக்காரர்களும் விளம்பரத்துக்கு அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கும் அப்படித்தான். நவம்பர் கடைசி, கையுறைக்குள் விரல் இருக்கிறதா என்று அவ்வப்போது மடக்கிப் பார்த்துக்கொள்கிற குளிர். கடைசி குவார்ட்டர், நாங்கள் 4 புள்ளி முன்னே. எதிரணியை மூன்று டவுனில் நிறுத்திவிட்டோம், பன்ட் செய்யப் போகிறார்கள், பந்து நமக்கு, இனி நேரத்தை ஓட்டினால் போதும். நிம்மதியாகக் காபி வரிசைக்குப் போனேன்.

வரிசையில் நிற்கும்போது சத்தம் மட்டும்தான் கேட்கும், ஆட்டம் தெரியாது. அத்தனை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் "ஆ" என்று ஆரம்பித்து, அந்த "ஆ" பாதியில் வேறு மாதிரி முறிந்து போவதைக் கேட்டிருக்கிறீர்களா? எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்க்காமலேயே, "போட்டுட்டான்" என்றார். பந்தைக் கீழே போட்டுவிட்டான் என்று அர்த்தம். எங்கள் ரிட்டர்னர், பன்ட்டைப் பிடிக்க வேண்டிய பையன், பின்னோக்கி ஓடிக்கொண்டே, தோளுக்கு மேலே அதைப் பிடிக்கப் போய், கையில் பட்டு நழுவ, எதிராளி எங்கள் 5 யார்டு கோட்டில் மேலே விழுந்து அமுக்கிவிட்டான். அடுத்த இரண்டே முயற்சியில் அவர்களுக்கு டச்டவுன். 3 புள்ளியில் தோற்றோம்.

இரண்டு காபியோடு திரும்பி வந்தபோது பக்கத்து சீட் பெரியவர் மட்டும் அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். அதுவரை அவரிடம் வானிலை தவிர எதுவும் பேசியதில்லை. பக்கத்துக் கிராமத்து ஹைஸ்கூலில் முப்பது வருஷம் கோச்சாக இருந்து ஓய்வு பெற்றவர், உதைக்கிற பிள்ளைகளுக்குத்தான் பயிற்சி கொடுத்தாராம், அதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று சொன்னது இவ்வளவுதான்: "எட்டு யார்டு கோட்டில் நின்று பிடிக்கிறான். பத்தில் குதிகாலை ஊன்றிக்கொள்ள வேண்டும், பந்து தலைக்கு மேலே போனால் விட்டுவிட வேண்டும், அது எண்ட் ஸோனுக்குள் போகட்டும். அவனிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது." கழுத்தில் பழைய ஷூ லேஸில் கட்டின ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கியது. நான் கொடுத்த காபியை வாங்கிக்கொண்டார். அது என் மனைவிக்கு வாங்கியது. ஆட்டம் பிடிக்காமல் குளிருக்குப் பயந்து முன்னாலேயே காருக்குப் போய்விட்டிருந்தாள்.

அடுத்த சீசனில் இருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். அவர் பந்தைப் பார்ப்பதே இல்லை. பன்ட் என்றால் குனிந்து நிற்கிற லாங் ஸ்னாப்பரைத்தான் பார்ப்பார். கால்களுக்கு நடுவே 15 யார்டு பின்னால் பந்தைச் சுழற்றி அனுப்புகிற ஆள் அவர். அணியில் யாருக்கும் பெயர் தெரியாது, பெயர் தெரிந்துவிட்டால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அர்த்தம். பந்து அவர் கையை விட்டுக் கிளம்பி பன்டர் கைக்குப் போக முக்கால் நொடி. பன்டர் வாங்கி, தையல் பக்கம் திருப்பி, உதைக்க இன்னொரு ஒன்றேகால் நொடி. மொத்தம் 2 நொடியை ஒட்டி முடிந்தால் சரி, 2.3, 2.4 என்று போனால் எவனாவது கையை நீட்டிப் பந்தைத் தடுத்துவிடுவான். பெரியவர் கட்டைவிரலால் அமுக்குவார், பார்ப்பார், சட்டைப் பையில் இருக்கிற சின்ன நோட்டில் பென்சிலால் எழுதுவார். ஒருமுறை எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க எண்கள், ஓரத்தில் எங்கள் அணியின் 2.5 ஒன்றுக்கு மட்டும் இரண்டு தடவை வட்டம் போட்டிருந்தது.

அப்புறம் ஹாங் டைம், பந்து காற்றில் நிற்கிற நேரம். இதுதான் எனக்குக் கண் திறந்த இடம். எங்கள் பன்டர் 50 யார்டு உதைப்பார், கூட்டம் கை தட்டும், நானும் தட்டுவேன். பெரியவர் உதட்டைப் பிதுக்குவார். ஏனென்றால் அது அம்பு மாதிரி தாழ்வாகப் பறந்து மூன்றரை நொடியில் எதிராளி கையில் இறங்கிவிடும், நம் ஆட்கள் பாதி தூரம்கூட ஓடியிருக்க மாட்டார்கள், அவன் 25 யார்டு திரும்பி ஓடி வந்துவிடுவான். 50-ல் 25 போக மீதி எவ்வளவு? 42 யார்டுதான் போகிறது, ஆனால் நாலரை நொடி மேலே நிற்கிறது என்றால், அதற்குள் நம் ஆட்கள் போய்ச் சூழ்ந்துவிடுவார்கள், அவன் கையைத் தூக்கி ஃபேர் கேட்ச் (நான் ஓடவில்லை, என்னை முட்டாதீர்கள் என்கிற சைகை) கேட்டுவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பான். மொத்தத் தூரத்தைப் பார்க்காதீர்கள், நிகரத் தூரத்தைப் பாருங்கள். சம்பளத்தில் பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதிரிதான்.

கல்லூரி ஆட்டத்தில் இதற்கு இன்னும் வசதி உண்டு. தொழில்முறை என்எஃப்எல்லில் பந்தை உதைக்கும் வரை ஓரத்தில் நிற்கிற இரண்டு பேர்தான் முன்னால் ஓடலாம், கல்லூரியில் ஸ்னாப் ஆனவுடன் எல்லோருமே ஓடலாம். அப்படி இருந்தும் ஓடுகிற வழியைத் தவறவிடுகிறார்கள் என்றால் என்ன சொல்ல? ஒரு ஆட்டத்தில் எல்லோரும் வலது பக்கமாகப் பாய்ந்து ஓடுகிறார்கள், பன்டர் இடது பக்கம் உதைக்கிறார். இரண்டு பேரில் யார் சொன்னபடி செய்தார்கள், யார் மறந்தார்கள் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. எதிராளி மட்டும் ஆளே இல்லாத மைதானத்தில் காலை நடை போகிற மாதிரி போய் டச்டவுன் போட்டுவிட்டு வந்தான்.

இதெல்லாம் எங்களுக்கு மட்டும் நடக்கிற சாபம் என்று நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்தேன். இல்லை. 2015 அக்டோபர் 17, ஆன் ஆர்பரில் மிச்சிகன் 23-21 என்று மிச்சிகன் ஸ்டேட்டை முந்திக்கொண்டிருக்கிறது, மிச்சம் 10 நொடி, ஒரு பன்ட் உதைத்தால் கதை முடிந்தது. ஸ்னாப் தாழ்வாக வந்தது, ஆஸ்திரேலியப் பன்டர் பிளேக் ஓ'நீல் தடுமாறினார், அதை எடுத்து எப்படியாவது உதைத்துவிடலாம் என்று பார்த்தார், முடியவில்லை, பந்து எகிறி ஜேலன் வாட்ஸ்-ஜாக்சன் கையில் விழுந்தது, 38 யார்டு ஓடினார், நேரம் முடிந்தபோது 27-23. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2013 நவம்பர் 30-ல், ஆபர்னுக்கும் அலபாமாவுக்கும் 28-28. கடைசி ஒரு நொடியில் அலபாமா 57 யார்டு ஃபீல்டு கோல் முயன்றது, பந்து தூரம் போதாமல் விழ, எண்ட் ஸோனின் கடைசிக் கோட்டருகே நின்ற கிறிஸ் டேவிஸ் பிடித்துக்கொண்டு மைதானம் முழுக்க ஓடி வெற்றியை எடுத்துக்கொண்டு போனார். ஃபீல்டு கோலுக்கு உள்ளே நிற்பவர்கள் பெரும்பாலும் முந்நூறு பவுண்டு ஆட்கள், தடுப்புச் சுவருக்காக நிறுத்தப்பட்டவர்கள், துரத்துவதற்கு ஆகமாட்டார்கள். அலபாமாவுக்கே அந்த நிலைமை என்றால் நாங்கள் எம்மாத்திரம் என்று ஒரு வாரம் ஆறுதலாக இருந்தது.

ஆனால் பெரியவர் இந்த ஆறுதலை ஏற்கவில்லை. அவர்களுக்கு ஒருநாள் நடந்தது, உங்களுக்கு வாராவாரம் நடக்கிறது என்றார். நியாயம்தான். ஒரு தடவை நடந்தால் விபத்து என்று சொல்லலாம். தடுக்கப்பட்ட எக்ஸ்ட்ரா பாயின்ட், எல்லைக்கு வெளியே போய் எதிராளிக்கு 35 யார்டு கோட்டைத் தானமாகக் கொடுக்கிற கிக்காஃப், 10 பேரோடு உள்ளே போய்விட்டு ஆளைத் தேடுகிற பன்ட் அணி என்று வருஷம் முழுக்க வந்தால் அதற்குப் பெயர் அதிர்ஷ்டக் குறைவு இல்லை. அங்கே நேரம் செலவழிக்க வேண்டாம் என்று யாரோ முடிவு எடுத்திருக்கிறார்கள்.

கணக்கு இப்படி. சீசனில் ஒரு மாணவனிடம் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சிக்குக் கேட்கலாம் என்பது கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கிற என்சிஏஏ அமைப்பின் விதி. ஆஃபென்ஸுக்கு ஒரு பங்கு, டிஃபென்ஸுக்கு ஒரு பங்கு, வீடியோ, ஜிம் எல்லாம் போக மிச்சம் இருக்கிறதுதான் ஸ்பெஷல் டீம்ஸுக்கு. 2018-ல் பத்தாவது உதவி கோச் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தபோது சில அணிகள் இதற்கென்றே ஆள் போட்டன, எங்கள் ஆட்கள் பையன்களைத் தேடிப் பிடித்து வருவதில் கெட்டிக்காரர் ஒருவரைப் போட்டார்கள். ஸ்பெஷல் டீம்ஸை நாலு உதவி கோச்சுகள் பங்கு போட்டுப் பார்த்தார்கள். நாலு பேர் பார்க்கிற வீட்டுச் சமையல் எப்படி இருக்கும்? உப்பு நாலு தடவை விழும், இல்லை விழவே விழாது.

ஃப்ராங்க் பீமர் என்று ஒருவர், 1987 முதல் 2015 வரை வர்ஜீனியா டெக் அணியின் தலைமை கோச். ஸ்பெஷல் டீம்ஸை உதவியாளரிடம் தள்ளாமல் தானே பார்த்துக்கொண்டார், பெரிய நட்சத்திர ஆட்டக்காரர்களையும் பன்ட் தடுக்க அனுப்பினார். உதையைத் தடுத்தே ஜெயிக்கிற அந்தப் பாணிக்கு அவர் பெயரையே சேர்த்து பீமர்பால் என்று சொல்வார்கள். தலைமை கோச் வந்து நிற்கிற இடத்துக்குப் பையன்கள் ஓடி வருவார்கள், அவ்வளவுதான் அதில் இருக்கிற ரகசியம். எங்கள் அணியின் திறந்த பயிற்சி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். பன்ட் பயிற்சி ஆரம்பித்ததும் எங்கள் தலைமை கோச் திரும்பிக்கொண்டு செல்போனை எடுத்தார். எனக்கு அன்றைக்கே அந்த சீசன் புரிந்துவிட்டது.

இன்னொரு பக்கம் ஐயோவா. 2023-ல் ஐயோவா சிட்டியில் இருக்கிற நண்பர் வீட்டுக்குப் போனபோது கின்னிக் ஸ்டேடியத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அந்த வருஷம் அவர்கள் ஆஃபென்ஸ் பார்க்கச் சகிக்காது, பந்தை நகர்த்தவே மாட்டார்கள். ஆனால் மெல்போர்னில் இருந்து வந்த டோரி டெய்லர் பன்ட் செய்ய உள்ளே வரும்போது கூட்டம் எழுந்து நிற்கிறது! எங்கள் ஊரில் எழுந்து கழிப்பறைக்குப் போவார்கள், இங்கே கை தட்ட எழுகிறார்கள். அந்த சீசனில் 93 பன்ட், 4,479 யார்டு, 1938-ல் இருந்து நின்றுகொண்டிருந்த சாதனை உடைந்தது. 10 ஆட்டம் ஜெயித்தார்கள். நண்பர் பன்ட் படம் போட்ட பனியன் வேறு வாங்கி வைத்திருந்தார். பொறாமையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, ரசிகனாக நாம் என்ன செய்யலாம்? ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே உள்ளே போய்விடுங்கள், முதலில் மைதானத்துக்கு வருகிறவர்கள் உதைக்கிற ஆட்கள்தான். கிக்கர் இந்தப் பக்கம் எங்கிருந்து உதைக்கிறார், எதிர்ப்பக்கம் காற்றுக்கு எதிராக எங்கே நிறுத்திக்கொள்கிறார் என்று பார்த்துக்கொண்டால், கடைசி குவார்ட்டரில் கோச் 52 யார்டுக்கு அனுப்பும்போது ஆகுமா ஆகாதா என்று உங்களுக்கே தெரியும். ஸ்னாப்புக்கு முன் பந்து இருக்கிற யார்டு கோட்டோடு (ஸ்கிரிமேஜ் கோடு) 17 கூட்டினால் உதையின் தூரம் வந்துவிடும். நவம்பர் குளிரில் பந்து கல்லாகிவிடும், செப்டம்பரில் போன தூரம் போகாது. பந்து நடுவில் இல்லாமல் ஒரு பக்கத்து ஹாஷ் கோட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள், கல்லூரியில் அந்த இரண்டு ஹாஷ் கோடுகளுக்கு இடையே 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம்தான். ஓரத்தில் இருந்து கிட்டே நின்று உதைக்கும்போது கோணம் குறுகிவிடும், டிவியில் அது தெரியவே தெரியாது, "இவ்வளவு கிட்டேயிருந்து போட முடியலையா" என்று சோபாவில் இருந்து கத்துவோம். ஏப்ரலில் அணிக்குள்ளேயே ஆடுகிற பயிற்சி ஆட்டமான ஸ்பிரிங் கேமைப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் ஸ்பெஷல் டீம்ஸ் தேறிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். காயம் பட்டுவிடும் என்று பெரும்பாலும் அங்கே பன்ட்டையும் கிக்காஃப்பையும் முழு வேகத்தில் ஆடுவதே இல்லை. நான் மூன்று ஏப்ரல் ஏமாந்தேன்.

திட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் யோக்கியன் இல்லை. 30 யார்டு ஃபீல்டு கோல் ஒன்றைத் தவறவிட்ட எங்கள் கிக்கரை நான் எழுந்து நின்று தமிழில் திட்டினேன். சுற்றிலும் இருப்பவர்களுக்குப் புரியாது என்கிற தைரியம், கொஞ்சம் வெளிப்படையான வார்த்தைகள்தான். இரண்டு வரிசை முன்னால் இருந்து ஒரு மாணவி மெதுவாகத் திரும்பி, "அண்ணா, ஸ்னாப்தான் மோசம், ஹோல்டரால பந்தை நேரா வைக்கவே முடியல" என்றாள். திருநெல்வேலிப் பெண்ணாம். வெட்கத்தில் அந்த ஆட்டம் முடியும் வரை நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை மளிகைக் கடையில் அதே கிக்கர் பையன் பால் கேனும் சீரியல் பெட்டியுமாக வரிசையில் நின்றான். முகத்தில் பரு. ஸ்காலர்ஷிப் இல்லாத வாக்-ஆன், வீட்டுக் காசில் படிக்கிறான். கார்டைத் தேய்த்தால் மெஷின் எடுக்கவில்லை, இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை, பின்னால் நின்ற எங்களைப் பார்த்து "ஸாரி" என்றான். என்ன தவறுக்குச் சொன்னானோ! 2013-ல் அந்த அலபாமா ஆட்டத்தில் முன்னதாக மூன்று கிக் வீணான பையனுக்குக் கொலை மிரட்டலே வந்தது, ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கைப்பட ஆறுதல் கடிதம் எழுதினார். இப்போது நான் கோச்சை மட்டும் திட்டுகிறேன், அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

போன வருஷம் ஆறு வயது மகளையும் கூட்டிப் போனேன். இரண்டாவது குவார்ட்டர், எங்களுக்கு நாலாவது டவுன், சொந்த 30-ல் இருக்கிறோம். "அப்பா, பாத்ரூம்" என்றாள். "ஸ்னாப் முடியட்டும் குட்டி" என்றேன். பெரியவர் கட்டைவிரல் தயாராக இருந்தது. ஸ்னாப் கச்சிதமாக வந்தது, 2.0. பந்து மேலே போய், விளக்குக் கம்பத்துக்கு மேலே போய், நின்றது, நின்றுகொண்டே இருந்தது. இறங்கும்போது எதிராளியைச் சுற்றி எங்கள் ஆட்கள் நாலு பேர். அவன் கையைத் தூக்கி ஃபேர் கேட்ச், அவர்களுடைய 22 யார்டு கோட்டில். 4.6 என்று பெரியவர் ஸ்டாப்வாட்சை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்த மொத்தப் பகுதியிலும் நாங்கள் இரண்டு பேர் மட்டும் கை தட்டினோம், மகளும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து தட்டினாள்.

அடுத்த டவுனிலேயே எங்கள் டிஃபென்ஸ் 78 யார்டு டச்டவுன் கொடுத்தது. பெரியவர் நோட்டை எடுத்து 4.6 என்று எழுதி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "பன்ட் நல்ல பன்ட்" என்றார்.